எரிந்த ஏடுகளும் எஞ்சிய மடல்களும்

வரலாற்றுப் பாடம் என்றவுடன் மாணவர் மனத்தில் எழுவது பெயர்ப்பட்டியலே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபர்கள் யாவர் என வினவினால் வாசிங்டன், லிங்கன், ரூஸ்வெல்ட், கென்னடி என்னும் பெயர்கள் தடையின்றி வரும். அதற்குமேல் வினவினால் அமைதியே விடையாகும். அமெரிக்க மாணவர் நிலையும் இதனினும் பெரிதும் வேறுபட்டதன்று. 1881 செப்டம்பர் முதல் 1885 மார்ச் வரை அந்நாட்டின் 21ஆம் அதிபராக இருந்தவர் செஸ்டர் ஆலன் ஆர்தர். அவர்தம் நாட்டவருள்ளும் அவரை அறிந்தோர் சிலரே. அறிந்தோர் பலரும் அவருடைய கன்னங்களில் அடர்ந்து வளர்ந்த கிருதாவை அறிவரேயன்றி அவருடைய செயல்களை அறியார்.

இத்தகையவரை நினைப்பதனால் யாது பயன் என்று கேட்போர் உளர். பெரியோரை நினைத்தால் பெருமை வரும். சிறியோரை நினைத்தால் பொழுது வீணாகும் என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இஃது அறிவுடைய கூற்றுப்போலத் தோன்றும். ஆயினும் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் ஏற்கத்தக்க கூற்றன்று. ஆர்தரின் நினைவு எங்கெங்கு எவ்வெவ்வாறு எஞ்சியுள்ளது என்பதை ஆராய்ந்தாலே இவ்வாதத்தின் வெறுமை புலப்படும்.

அளவுகோலின் பிழை

1948ஆம் ஆண்டில் ஷ்லெசிங்கர் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் அறிஞர் பலரிடம் கருத்துக் கேட்டு அமெரிக்க அதிபர்களைத் தரம்பிரித்தார். மாபெரியோர், பெரியோரை அடுத்தோர், நடுத்தரத்தோர், நடுத்தரத்திற்குக் கீழானோர், தோல்வியுற்றோர் என ஐந்து தட்டுகள் அமைக்கப்பட்டன. அன்றுதொட்டு இத்தகைய பட்டியல்கள் மீண்டும் மீண்டும் வெளிவருகின்றன. ஆர்தர் நடுத்தட்டிலோ அதற்குச் சற்றுக் கீழோ அமர்த்தப்படுகிறார். புகழவும் ஆளில்லை, இகழவும் ஆளில்லை. ஆகவே அவர் மறக்கப்படுகிறார்.

தேர்வுத்தாளுக்கு மதிப்பெண் இடுவதுபோல் ஒரு மனிதரின் வாழ்வுக்கு மதிப்பெண் இடுவது எளிய வேலை. அவ்வெண்ணைக் கண்டவுடன் அவ்வாழ்வைப் படிக்கும் ஆவல் அடங்கிவிடுகிறது. இதுவே அப்பட்டியலின் பெருந்தீங்கு. மூன்றரை ஆண்டு ஆட்சியில் நடந்த நன்மையும் தீமையும், அவ்வாட்சிக்கு முன்னும் பின்னும் அம்மனிதரோடு தொடர்புற்ற எளிய மக்களின் கதைகளும், ஓர் எண்ணுக்குள் அடைக்கப்பட்டுப் புதைக்கப்படுகின்றன. பட்டியல் தயாரிப்போர் தலைவரை மட்டும் மறக்கச் செய்யவில்லை. தலைவரைச் சூழ்ந்திருந்த ஓர் ஊரையே, ஒரு காலத்தையே மறக்கச் செய்கின்றனர்.

தம் சுவட்டைத் தாமே அழித்தவர்

ஆர்தர் மறக்கப்பட்டமைக்கு முதற்காரணர் ஆர்தரே என்பதையும் மறைத்தலாகாது. பதவியில் இருந்தபோதே அவரைச் சிறுநீரக நோய் பற்றியது. அதனை அவர் மக்களுக்குத் தெரிவிக்கவில்லை. பதவியினின்று நீங்கிய மறு ஆண்டில், 1886 நவம்பர் 18ஆம் நாள், நியூயார்க்கில் தம் இல்லத்தில் உயிர்நீத்தார். இறக்குமுன் தம் தாள்களையெல்லாம் எரித்துவிடுமாறு பணித்தார். அவ்வாறே பெரும்பாலானவை எரிக்கப்பட்டன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காத்துவரும் அதிபர்களின் தாள்தொகுதிகளுள் ஆர்தருடையது மிகச் சிறியவற்றுள் ஒன்றாக இருப்பதன் காரணம் இதுவே.

தாம் பிறந்த ஆண்டையும் அவர் மாற்றிச் சொன்னார். அவர் பிறந்தது 1829 அக்டோபர் 5ஆம் நாள். எனினும் ஓராண்டு இளையவராகத் தம்மைக் காட்டிக்கொண்டு 1830 என்றே கூறிவந்தார். ஆல்பனி நகரையடுத்த கல்லறைத் தோட்டத்தில், செப்புத் தேவதை காவல் நிற்கும் அவருடைய கல்லறையிலும் 1830 என்றே பொறிக்கப்பட்டது. குடும்பத்தார் தம் விவிலிய நூலில் எழுதிவைத்திருந்த பிறப்புக் குறிப்பே பின்னாளில் உண்மையை வெளிப்படுத்தியது. கல்லில் எழுத்து என்றால் அழியாத உண்மை என்று கருதுவது வழக்கம். இங்கோ கல் பொய்யுரைத்தது; வீட்டு ஏடு அதனைத் திருத்தியது. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய நூலை வெறும் குப்பை என்று எறிவோர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பிறருடைய நினைவுப் பொருள்களையும் ஆர்தர் பெரிதாக மதித்தாரல்லர். அதிபர் மாளிகையாகிய வெள்ளை மாளிகையின் பழந்தட்டுமுட்டுகள் அவருக்குப் பிடிக்கவில்லை. 1882ஆம் ஆண்டில் 24 வண்டிச் சுமைப் பொருள்கள் மாளிகையினின்று அகற்றப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. முந்தைய அதிபர்கள் பலர் புழங்கிய பொருள்கள் அவ்வாறு சிதறிப்போயின. அவற்றுக்கு மாற்றாகப் புகழ்பெற்ற கலைஞர் லூயி டிஃபனியைக் கொண்டு மாளிகையைப் புதுக்கினார் ஆர்தர். நுழைவு மண்டபத்தில் வண்ணக் கண்ணாடித் திரை ஒன்று நிறுவப்பட்டது. இருபதே ஆண்டுகளில், 1902இல், தியோடர் ரூஸ்வெல்ட் அதிபராக இருந்தபோது அத்திரையும் அகற்றப்பட்டு ஏலம் போயிற்று. முன்னோர் பொருளை ஏலமிட்டவரின் பொருளைப் பின்னோர் ஏலமிட்டனர்.

ஊரார் காத்த நினைவு

இவ்வாறு தாமே அழித்துக்கொண்ட நினைவைக் காத்தவர் யாவர்? தலைநகரின் பெருநூல்கள் அல்ல, ஊராரே காத்தனர். ஆர்தர் பிறந்த ஊர் வெர்மாண்ட் மாநிலத்தில் கனடிய எல்லைக்கு அண்மையில் உள்ள பேர்பீல்டு என்னும் சிற்றூர். அவருடைய தந்தையார் அயர்லாந்தினின்று குடியேறிய சமயப் போதகர். அடிமை முறையை எதிர்த்து வாயடைக்காமல் பேசியவர். ஆர்தர் துணை அதிபர் பதவிக்கு நின்றபோது எதிர்க்கட்சியினர் அவர் அமெரிக்க மண்ணில் பிறந்தவரே அல்லர் என்று கிளப்பினர். பிறப்பால் குடிமகனாகாத ஒருவர் அந்நாட்டில் அதிபராகச் சட்டம் இடந்தராது. முதலில் அயர்லாந்து என்றனர். பிறகு கனடா என்றனர். 1884இல் ஹின்மன் என்னும் வழக்குரைஞர் இதனை நூலாகவே எழுதி வெளியிட்டார். குற்றச்சாட்டுக்குத் தக்க சான்று எதுவும் கிட்டவில்லை. ஆயினும் ஒரு சிற்றூரின் பிறப்புச் செய்தி ஒரு நாட்டின் ஆட்சியுரிமையோடு பிணைந்திருந்தது என்பது கருதத்தக்கது. ஊர்வரலாறு என்பது ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்கு என்று இகழ்வோருக்கு இஃது ஒரு விடை.

1903ஆம் ஆண்டில் வெர்மாண்ட் மாநிலம் அவ்வூரில் ஒரு கருங்கல் நினைவுச்சின்னம் எழுப்பிற்று. ஆர்தரின் அமைச்சரவையில் போர்த்துறை அமைச்சராக இருந்தவரும் ஆபிரகாம் லிங்கனின் மைந்தருமாகிய ராபர்ட் லிங்கன் அவ்விழாவிற்கு வந்திருந்தார். 1953இல் அங்கு ஒரு சிறிய வீடு கட்டப்பட்டது. பார்க்கச் செல்வோர் பலர் ஆர்தர் பிறந்த வீடு இதுவே என்று எண்ணி நெகிழ்வர். உண்மை அதுவன்று. ஆர்தர் கைக்குழந்தையாக வாழ்ந்த இரண்டாவது வீட்டின் மறுவுருவே அது. பழைய வீடு எப்போதோ அழிந்துபோயிற்று.

இங்கே மற்றொரு சாராரையும் கண்டித்தல் வேண்டும். சிறியோரை மறந்துவிடுக என்பார் ஒருசாரார் எனின், எம்மூர் மைந்தர் எக்குற்றமும் அற்றவர் என்று கொடிபிடிப்பார் மற்றொரு சாரார். மறுவுருவை மூலம் என்பதும், நடுத்தரத்தவரை மகான் என்பதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். ஊர்ப்பற்று சான்றைத் தேடித் தரும்போது போற்றத்தக்கது. சான்றை மூடும்போது தூற்றத்தக்கது. இவ்வீடு அசல் அன்று, அசலைப்போல் அமைத்தது என்று வெளிப்படையாகச் சொல்லிக் காட்டும் நினைவில்லமே வரலாற்றுக்கு உதவும்.

பூங்காவில் நிற்கும் இருவர்

நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்கப் பூங்காவில் இரு சிலைகள் நிற்கின்றன. ஒன்று 1899இல் திறக்கப்பட்ட ஆர்தரின் சிலை. மற்றொன்று அதற்கும் ஆறாண்டு முன்னரே, 1893இல், வைக்கப்பட்ட ரோஸ்கோ கான்க்லிங்கின் சிலை. காலையில் உலாவுவோர் இவ்விரண்டையும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனால் இவ்விரு செப்புருவங்களுக்கும் இடையே ஒரு காலத்தின் அரசியல் முழுவதும் அடங்கியுள்ளது.

கான்க்லிங் நியூயார்க் மாநிலத்தின் செனட்டர். தம் கட்சியின் தனிப்பெரும் தலைவர். வேலை வேண்டுவோர் கட்சிக்கு உழைத்தல் வேண்டும். வேலை பெற்றோர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்டுதல் வேண்டும் என்பதே அக்காலத்து நடைமுறை. அந்நடைமுறையின் கருவூலமாக விளங்கியது நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகம். நாட்டின் சுங்க வருவாயில் பெரும்பகுதி அங்கேதான் திரண்டது. 1871இல் அதன் தலைவராக அமர்த்தப்பட்டவர் ஆர்தர். அலுவலர் ஏறத்தாழ 1,000 பேர் அவர்கீழ் இருந்தனர். தகுதியைவிடக் கட்சிச் சார்பே அங்குப் பெரிதாகப் பார்க்கப்பட்டது. இதனைச் சீர்திருத்த முனைந்த அதிபர் ஹேஸ் 1878இல் ஆர்தரைப் பதவியினின்று நீக்கினார். இரண்டே ஆண்டில், கான்க்லிங் அணியினரை ஆற்றுவதற்காக, கட்சி ஆர்தரைத் துணை அதிபர் பதவிக்கு நிறுத்திற்று.

1881 ஜூலை 2ஆம் நாள் அதிபர் கார்பீல்டு வாசிங்டன் புகைவண்டி நிலையத்தில் சுடப்பட்டார். சுட்டவன் கிட்டோ என்பான். அரசு வேலை கேட்டுக் கிடைக்கப் பெறாதவன். தான் கான்க்லிங் அணியைச் சார்ந்தவன் என்றும் இனி ஆர்தரே அதிபர் என்றும் அவன் கூவினான். ஆர்தருக்கு அக்கொலையில் எத்தொடர்பும் இல்லை. எனினும் எத்துணை இழிவான வாயிலின் வழியே அவர் அதிபர் பதவிக்குள் நுழைய நேர்ந்தது! செப்டம்பர் 19ஆம் நாள் கார்பீல்டு இறந்தார். சுங்க அலுவலகத்து ஊழல் இனி வெள்ளை மாளிகைக்கே குடிபெயரும் என்று நல்லோர் அஞ்சினர்.

நடந்ததோ வேறு. கார்பீல்டு அமர்த்திய புதிய சுங்கத் தலைவரை நீக்குமாறு கான்க்லிங் வற்புறுத்தினார், ஆர்தர் மறுத்தார். 1883 ஜனவரி 16ஆம் நாள் பெண்டில்டன் சட்டத்தில் ஒப்பமிட்டார். கூட்டரசு வேலைகளுள் சிலவற்றிற்குத் தேர்வு எழுதித் தகுதி காட்டியோரையே அமர்த்துதல் வேண்டும். கட்சி நிதிக்காக அலுவலரைக் கசக்கிப் பிழியலாகாது என்பன அச்சட்டத்தின் சாரம். தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளே அதன்கீழ் வந்தன. பின்னாளில் பெரும்பாலானவை வந்தன. சிபாரிசால் வளர்ந்தவரே சிபாரிசின் வேரை அறுத்தார். பூங்காவின் ஒரு மூலையில் வளர்த்தவர் நிற்கிறார். மற்றொரு மூலையில் வளர்ந்து விலகியவர் நிற்கிறார். தேர்வு எழுதி வேலை தேடவிருக்கும் மாணவர் எவரும் அவ்விரு சிலைகளுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பார்த்தல் வேண்டும்.

இடித்துரைத்த மடல்கள்

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? மனிதர் உள்ளத்துள் நுழைந்து பார்க்கும் கருவி எவரிடமும் இல்லை. தாள்களும் எரிந்துபோயின. ஆனால் நெருப்புக்குத் தப்பிய ஒரு கட்டு உண்டு. அதுதான் ஜூலியா சேண்ட் என்னும் பெண்மணி எழுதிய 23 கடிதங்கள்.

அவர் பதவியில் இருந்தவர் அல்லர். அவருக்கு அன்று வாக்குரிமைகூட இல்லை. நியூயார்க்கில் நோயுற்று வீட்டோடு கிடந்த 31 அகவைப் பெண். கார்பீல்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த 1881 ஆகஸ்டு மாத இறுதியில், முன்பின் அறியாத ஆர்தருக்கு அவர் முதல் மடலை எழுதினார். நீர் அதிபராவீர் என்பதை எண்ணி நாடு மகிழவில்லை, நடுங்குகிறது என்று அம்மடலில் முகத்துக்கு நேரே உரைத்தார். அதே மூச்சில், நெருக்கடி வரும்போது உள்ளத்துள் உறங்கும் நற்பண்பு விழித்தெழும் என்றும், தவற்றை உணர்ந்து திரும்புவதே உயர்வு என்றும் எழுதினார். பின்னரும் 1883 வரை விடாமல் எழுதினார். நல்லது செய்தபோது பாராட்டினார், தவறியபோது கண்டித்தார்.

இடித்துரைக்கும் துணை இல்லாத மன்னனைக் கெடுக்கப் பகைவர் வேண்டியதில்லை என்னும் கருத்தைப் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தார். தமிழாசிரியர் அக்குறளுக்கு உரைசொல்லும்போது அரசவை அமைச்சரை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அவையும் பதவியும் இல்லாத நோயாளிப் பெண் ஒருவர் அத்துணையாக அமைந்த செய்தி இங்கே உண்டு. ஆர்தர் அக்கடிதங்களைப் படித்தார் என்பதற்கு நேரடிச் சான்றும் உண்டு. 1882 ஆகஸ்டு 20ஆம் நாள், முன்னறிவிப்பு இன்றி, அதிபரே அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்து உரையாடிச் சென்றார்.

பெரும்பாலான தாள்களைத் தீக்கு ஈந்தவர் இக்கடிதங்களை விட்டுவைத்தார். ஆர்தரின் பேரர் கைக்கு அவை வந்தன; 1958இல் காங்கிரஸ் நூலகம் அவற்றை வாங்கிற்று. 1975இல் தாமஸ் ரீவ்ஸ் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாற்றுக்கு அவை பெருந்துணை புரிந்தன. தரப்பட்டியல் போடும் நூறு அறிஞர் ஒருங்கு கூடினும் இக்கட்டுக் கடிதங்கள் சொல்லும் செய்தியைச் சொல்ல இயலாது. சிறிய அதிபரை மறந்திருந்தால் ஜூலியா சேண்டும் மறைந்திருப்பார். நினைவுப் பொருளைக் காப்பது தலைவருக்குச் செய்யும் சிறப்பு என்று எண்ணுவோர், அதனால் காக்கப்படுவோர் யாவர் என்பதை அறியார்.

தெருமுனையில் ஓர் ஆசிரியை

நியூயார்க்கின் பார்க் ரோ என்னும் தெருவின் ஒரு பகுதிக்கு 2007இல் எலிசபெத் ஜென்னிங்ஸ் பெயர் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகை வேண்டும் என்று முயன்றவர்கள் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர்கள். இப்பலகைக்கும் ஆர்தருக்கும் உள்ள தொடர்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

எலிசபெத் ஜென்னிங்ஸ் கறுப்பினத்து ஆசிரியை. தேவாலயத்தில் ஆர்கன் இசைப்பவர். 1854 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்திற்குச் செல்லக் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டியில் ஏறினார். அவ்வண்டி வெள்ளையர்க்கே உரியது என்று கூறி நடத்துநர் இறங்கச் சொன்னார். அவர் மறுத்தார். நடத்துநரும் பின்னர்க் காவலரும் சேர்ந்து அவரை வலிந்து கீழே தள்ளினர். அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கை ஏற்று நடத்திய வழக்குரைஞர்தான், அப்போது இருபத்தைந்து அகவையை எட்டிக்கொண்டிருந்த செஸ்டர் ஆர்தர்.

ஆர்தரும் ஆசிரியராக இருந்தவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. சட்டம் பயின்ற காலத்தில் வெர்மாண்டின் வடக்குப் பௌனல் என்னும் ஊரில் அவர் பள்ளி நடத்தினார்; பின்னர் நியூயார்க் மாநிலத்துக் கோஹோஸ் ஊரில் தலைமையாசிரியராக இருந்தார். வடக்குப் பௌனலில் ஆர்தர் கற்பித்த சில ஆண்டுகளுக்குப் பின் அங்கே கையெழுத்துக் கற்பிக்க வந்த இளைஞர் வேறெவருமல்லர். பின்னாளில் அதிபரான கார்பீல்டே. இதனைப் பெருநூல்கள் அடிக்குறிப்பில் தள்ளும், ஊர்வரலாறோ முன்வைக்கும்.

1855 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பொது வண்டி நடத்துவோர் ஒழுங்காக நடந்துகொள்ளும் எவரையும் நிறம் பாராது ஏற்றிச்செல்லக் கடமைப்பட்டவர் என்று நீதிபதி விளக்கினார். ஜென்னிங்சுக்கு 225 டாலர் இழப்பீடு கிட்டிற்று. அவ்வண்டி நிறுவனம் தன் வண்டிகளை யாவர்க்கும் திறந்துவிட்டது. ஏனைய நிறுவனங்கள் வழிக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழ மறுத்த 1955ஆம் ஆண்டுக்குச் சரியாக நூறாண்டு முற்பட்ட தீர்ப்பு இது. ஜென்னிங்ஸ் தம் இறுதிக் காலத்திலும் கற்பித்தலை விடவில்லை. 1895இல் தம் வீட்டிலேயே கறுப்பினக் குழந்தைகளுக்கு மழலையர் பள்ளி தொடங்கினார், 1901இல் மறைந்தார்.

அதிபர்களின் தரப்பட்டியலில் இவ்வழக்கு எத்தனை மதிப்பெண் பெறும்? ஒன்றும் பெறாது. பதவிக்கு வருமுன் செய்த செயலைப் பட்டியல் கணக்கில் கொள்வதில்லை. பள்ளிப் பிள்ளைகள் மனுச்செய்து பெற்ற ஒரு தெருப்பலகை அக்கணக்கைத் திருத்தி எழுதிற்று.

மசாலை மணக்கும் வீடு

நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில் 123 என்னும் எண்ணுள்ள கட்டடம் ஆர்தர் வாழ்ந்த இல்லம். கார்பீல்டின் இறப்புச் செய்தி வந்த இரவில், 1881 செப்டம்பர் 20ஆம் நாள் பின்னிரவு 2 மணி கடந்த வேளையில், இவ்வீட்டுக் கூடத்தில்தான் நீதிபதி பிரேடி முன்னிலையில் அவர் அதிபராக உறுதிமொழி எடுத்தார். ஐந்தாண்டு கழித்து உயிர்நீத்ததும் இவ்வீட்டிலேயே. 1965இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பதவியேற்பைக் குறிக்கும் பலகையும் அங்குண்டு.

அவ்வீட்டின் கீழ்த்தளத்தில் இருப்பது கலுஸ்தியான் என்னும் பெயருடைய மளிகைக் கடை. ஆர்மீனியர் ஒருவரால் 1944இல் தொடங்கப்பட்டுப் பிற்காலத்தில் வங்காளதேசத்தினர் கைக்கு வந்த கடை அது. மிளகு, மல்லி, மஞ்சள், பருப்பு, அரிசி எனத் தெற்காசிய அடுக்களைச் சரக்குகள் அனைத்தும் அங்கே கிட்டும். சுற்றுப்புறத்தை நகரத்தார் விளையாட்டாகக் ‘கறி ஹில்’ என்று அழைப்பர். ஆங்கிலம் கடன்கொண்ட அச்சொல் தமிழின் ‘கறி’யே என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு.

இங்கேதான் வரலாறு தன் கூரிய முனையைக் காட்டுகிறது. 1882 மே 6ஆம் நாள் ஆர்தர் ஒப்பமிட்ட சட்டம், சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் நுழைவதைப் பத்தாண்டுக்குத் தடுத்தது. சீனர் குடியுரிமை பெறுவதையும் மறுத்தது. ஓர் இனத்தாரைப் பெயர்சுட்டி வெளியே நிறுத்திய பெருங்குடியேற்றத் தடை அது. முதலில் இருபதாண்டுத் தடை கோரிய மசோதாவை ஏப்ரல் 4ஆம் நாள் ஆர்தர் திருப்பியனுப்பினார் என்பது உண்மை. ஒரே மாதத்தில் பத்தாண்டுத் தடைக்கு இணங்கினார் என்பதும் உண்மை. இருப்புப்பாதை அமைக்கக் கூலியாகத் தேவைப்பட்டோர், வேலை முடிந்தபின் வேண்டாதவராயினர். அத்தடை மேலும் மேலும் நீட்டிக்கப்பட்டு 1943இல்தான் நீக்கப்பட்டது. அவ்வழியில் நடந்த 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்க்கும் கதவை அடைத்தது. 1965இல் குடியேற்றச் சட்டம் மாற்றப்பட்ட பின்னரே ஆசிய மக்கள் பெருந்தொகையாக அந்நாட்டுக்குள் செல்லலாயினர்.

ஆசியரைத் தடுத்த கை உறுதிமொழிக்காக உயர்ந்த அதே வீட்டில், ஆசியர் மிளகும் பருப்பும் விற்கின்றனர். எந்த நூலாசிரியரும் திட்டமிட்டு அமைக்க இயலாத நினைவுச்சின்னம் இது. ஆனால் அங்குள்ள பலகை பதவியேற்பைப் பேசுகிறது, தடைச்சட்டத்தைப் பேசவில்லை. பூங்காவின் சிலையும் பேசவில்லை. ஜென்னிங்ஸ் வழக்கை மட்டும் எடுத்துக்காட்டி ஆர்தரை அறவோர் என்பாரும் அரைவரலாறே சொல்கின்றனர். தடைச்சட்டத்தை மட்டும் எடுத்துக்காட்டிக் கொடியோர் என்பாரும் அரைவரலாறே சொல்கின்றனர். ஒரு பெண்ணைத் தள்ளிய வண்டிக்காரரை எதிர்த்து வாதாடிய அதே மனிதர், ஓர் இனத்தையே தள்ளிய சட்டத்தில் கையொப்பமிட்டார். இம்முரணை மழுப்பாமல் மாணவர் முன் வைப்பதே கல்வி.

மறுப்புக்கு மறுப்பு

பாடநூலின் பக்கங்கள் குறைவு, பாடவேளை குறைவு, எல்லாரையும் கற்பித்தல் இயலாது என்று சிலர் கூறக்கூடும். எல்லாரையும் கற்பிக்குமாறு எவரும் கேட்கவில்லை. ஒருவரையேனும் முழுமையாகக் கற்பித்தல் வேண்டும் என்பதே கோரிக்கை. நாற்பது பெயரை வரிசையாக ஒப்பிக்கும் மாணவர் நாற்பது பெயரையும் மறப்பார். ஒரு கல்லறையின் பிழையான ஆண்டையும், ஒரு வீட்டு விவிலியத்தையும், ஒரு கட்டுக் கடிதத்தையும், ஒரு தெருப்பலகையையும் அருகருகே வைத்து எது உண்மை, எவ்வாறு அறிவது என்று ஆராய்ந்த மாணவர் வரலாறு என்பது யாது என்பதை மறவார்.

பெரியோர் வரலாறே ஊக்கம் தரும் என்பாரும் உளர். மலையைக் கண்டு வியப்பது எளிது, ஏறுவது அரிது. லிங்கனைப் படிக்கும் மாணவர் வியந்து நின்றுவிடுதல் கூடும். தவறிய வழியில் வளர்ந்து, ஓர் எளிய பெண்ணின் சொல்லுக்குச் செவிசாய்த்து, சிலவற்றில் திருந்தி, சிலவற்றில் வழுவிய ஆர்தர் போன்றோர் மாணவர்க்கு அண்மையில் நிற்பவர். அவரை எடைபோடும்போது மாணவர் தம்மையும் எடைபோடக் கற்பர்.

ஆகவே நினைவுப் பொருள்களைக் காப்போரை எள்ளுதல் தகாது. அவற்றை ஆராயாமல் வணங்குதலும் தகாது. ஊர்தோறும் பழங்கடிதமும் பள்ளிப் பதிவேடும் பெயர்ப்பலகையும் நிழற்படமும் நாள்தோறும் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போகின்றன. பெரியோருடைய தாள்களைக் காக்க அரசும் நூலகமும் உண்டு. சிறியோருடையவற்றைக் காக்க ஊராரும் ஆசிரியரும் மாணவரும் அன்றி வேறெவரும் இலர். ஆர்தர் எரித்தவை போக எஞ்சியவற்றுள் அடங்குவன இந்த 23 கடிதங்கள். அவற்றையும் ஒருவர் குப்பை என்று எறிந்திருந்தால், அதிபரை நோக்கி அஞ்சாது பேசிய அப்பெண்ணின் குரல் எவர் செவிக்கும் எட்டியிராது. வகுப்பறையில் அடுத்த வரலாற்றுப் பாடம் தொடங்கும்போது, இவர் எத்தனையாவது அதிபர் என்னும் வினாவை ஆசிரியர் கைவிடுவாராக. இவரைப் பற்றி அறியச் சான்று யாது, அதனைக் காத்தவர் யாவர், அது சொல்லாமல் விட்டது எது என்னும் வினாக்களை எழுப்புவாராக.